பழுது என்று எழுதிய பெட்டி

எனக்கு வாய்த்த வேலையைச் சொன்னால் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அயோடின் அறை என்று ஒன்று இருக்கிறது. தொண்டைக் கட்டியை அறுத்து எடுத்த பிறகும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைப் பொசுக்க, கதிர்வீச்சு உள்ள மாத்திரை ஒன்றை விழுங்கவைத்து நோயாளியை அங்கே தனியாக அடைத்துவைப்பார்கள். அந்த ஆள் போகிற தண்ணீரில்கூடக் கதிர்வீச்சு இருக்கும். அதை நேராக ஊர்ச் சாக்கடையில் விட முடியாது. அடித்தளத்தில் இரண்டு பெரிய தொட்டிகளில் பிடித்துவைத்து, வாரக்கணக்கில் ஆறவிட்டு, வீரியம் அடங்கிய பிறகுதான் திறந்துவிட வேண்டும். அந்தத் தொட்டிகளுக்கு நான் காவல். அப்பா அம்மா எனக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி நான் தொட்டிக்காரர். இது என் கதை இல்லை. மீட்டரம்மாவின் கதை. நாற்றம் இத்தோடு முடிந்தது, பயப்படாமல் படிக்கலாம்.

அந்த அறைக்குத் தடிமனான ஈயக் கதவு. திறக்க இரண்டு கையும் வேண்டும், கொஞ்சம் இடுப்பும் வேண்டும். கதவுக்கு வெளியே, வராந்தாச் சுவரில், கண் உயரத்தில் ஒரு பெட்டி. அதன் முகத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் கதிர்வீச்சு எவ்வளவு என்பதுதான் அந்த எண். பத்துக்குள் இருந்தால் பச்சை விளக்கு. பத்தைத் தாண்டினால் மஞ்சள். இருபத்தைந்தைத் தாண்டினால் சிவப்பு எரியும், அலாரம் அலறும். அந்த அலறலுக்குச் சவக்கிடங்கில் இருப்பவர்களே எழுந்து உட்காராமல் இருப்பது ஆச்சரியம்தான்.

அந்தப் பெட்டியை ஓட்டுவதும் பராமரிப்பதும் மீட்டரம்மாவின் வேலை. பதினான்கு வருஷமாக. காலை ஒன்பது மணிக்கு வருவார். மார்பில் பேட்ஜைக் குத்திக்கொள்வார். அவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அது கணக்கு வைக்கும். பூட்டுப் போட்ட ஈயச் சிமிழிலிருந்து லேசான கதிர்வீச்சு உள்ள, சட்டைப் பொத்தான் அளவு வில்லை ஒன்றை எடுத்துப் பெட்டியின் உணர் குழாய்க்குப் பக்கத்தில் காட்டுவார். எண் ஏற வேண்டும், மூன்று விளக்கும் வரிசையாக எரிய வேண்டும், அலாரம் மூன்று முறை கூவ வேண்டும். அதன்பின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு பாட்டரியில் பத்து நிமிஷம் ஓடுகிறதா என்று பார்ப்பார். கேபிள் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். ஈரத் துடைப்பத்தைக் கேபிள் மேல் சாய்த்து வைக்கிற துப்புரவுக்காரம்மாவும், அலாரச் சத்தம் பொறுக்காமல் அதன் வாயில் பஞ்சடைத்த நர்ஸும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை மாடி முழுக்கக் கேட்டிருக்கிறது. குரல் அப்படி. ரகசியம் சொன்னாலே எட்டுத் தெருவுக்குக் கேட்கும்.

நோயாளியைத் தினமும் அளக்க வேண்டும் என்பது இன்னொரு வேலை. அறைக்குள் தரையில் ஒரு சிவப்புக் கோடு, அங்கே நோயாளி நிற்பார். சரியாக ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு கோடு, அங்கே மீட்டரம்மா நிற்பார். கை மீட்டரின் குழாயை வயிற்று உயரத்துக்கு நீட்டி எண்ணைச் சொல்வார். ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதுகிற வேலை கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியுடையது. அவரை நாங்கள் பெரியவர் என்போம். பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒருமுறை நாற்பத்தேழு என்று மீட்டரம்மா சொன்னதை நாற்பத்தொன்று என்று எழுதி, அதன் மேலேயே கிறுக்கித் திருத்திவிட்டேன். மீட்டரம்மா நோட்டை என் முன்னால் வைத்து, ஒற்றைக் கோடு போட்டு அடிக்கவைத்து, பக்கத்தில் திருப்பி எழுதவைத்து, கையெழுத்தும் வாங்கினார். எண்ணில் மட்டும் அவரிடம் யாரும் விளையாட முடியாது.

அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மகன் வேறு ஊரில் படிக்கிறான். ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் இரண்டு அறை வீடு. கீழே எந்திரம் ஓடினால் மேலே டம்ளர் நகரும். குழாய் பழுது பார்க்க இரண்டு தடவை போயிருக்கிறேன். உள்ளறையில் அவர் அம்மா படுத்திருந்த இரும்புக் கட்டில் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் யாரும் துணிகூட மடித்து வைப்பதில்லை.

காலைச் சோதனை முடிந்து நான் கையெழுத்துப் போட்டதும் மீட்டரம்மா கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கே இன்றைக்கு மூன்று டிகிரி என்பார். முதல் தடவை எங்கே என்று கேட்டேன். தங்கை இருக்கிற ஊரில் என்றார். கடல் தாண்டிய குளிர் ஊர். அதற்குப் பிறகு ஒரு நாள் தவறியதில்லை. மழை, வெயில், வேலை நிறுத்தம், எதுவானாலும் அந்த ஊரின் குளிர் எனக்கு வந்து சேர்ந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போன நாட்களில் அவருக்கு எதிலும் மனசு ஓடாது. கழுத்தை மூடிக்கொண்டு போயிருப்பாளா, அவளுக்குச் சின்ன வயசிலேயே நெஞ்சுச் சளி என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அந்தத் தங்கையோடு அவருக்குப் பேச்சு இல்லை. ஒன்பது வருஷமாக.

ஏன் என்று ஒருநாள், பம்ப் கெட்டுப்போய் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தபோது, அவராகவே சொன்னார். அம்மா இருபத்திரண்டு நாள் படுக்கையில் இருந்து போனாள். தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, பயணம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே மீட்டரம்மா மறைத்துவிட்டார். தங்கை கூப்பிடும்போதெல்லாம் அம்மா இப்பதான் கண்ணசந்தாள், அம்மா குளிக்கிறாள் என்று இருபத்திரண்டு நாளும் ஒரு சாக்கு. எல்லாம் முடிந்து, மூன்றாம் நாள்தான் சொன்னார். தங்கை அழக்கூட இல்லையாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

“நான் எவ்வளவு தூரத்துல நிக்கணும்னு நீ எப்படிக்கா முடிவு பண்ணலாம்?”

அதோடு சரி. கடிதம் போட்டார், பதில் இல்லை. பிறந்த நாளுக்குக் கூப்பிட்டார், மணி அடித்து ஓய்ந்தது. பிறந்தது பெண் குழந்தை என்பதே வேறொரு சொந்தக்காரர் வாயால்தான் தெரிந்தது. நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன். ஊரில் எல்லாரும் சொல்கிற ஆறுதல்தான், கைச்செலவு இல்லாதது.

“நல்லதுக்குத்தான் அண்ணே. கெட்டதுக்குச் செஞ்சிருந்தா இந்நேரம் மன்னிச்சிருப்பா,” என்றார் மீட்டரம்மா.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, அந்த வாரத்து நோயாளிகள் பட்டியல் வந்தது. மீட்டரம்மா அதை என்னிடம் நீட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. தங்கையின் பெயர், வயது, அவள் கணவர் பெயர். எல்லாம் சரி, ஊர் மட்டும் அந்தக் குளிர் ஊர் இல்லை. இங்கிருந்து காரில் ஆறு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். கூடவே வந்த மருத்துவக் குறிப்பைப் பார்த்தால், இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

“ரெண்டு வருஷமா அவ இல்லாத ஊருக்குப் போய்க் குளிர் பாத்துட்டு இருந்திருக்கேன்,” என்று சொல்லி மீட்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எனக்கு அந்தத் தங்கை மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. முகம் தெரியாதவள் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபம். சொந்தக்காரர் நோயாளியாக வந்தால் வேறு ஆள்தான் அளக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. அதை ஞாபகப்படுத்தினேன். பெரியவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று மீட்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றே நாள், தினமும் ஒரு தடவையாவது அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். விதியைக் கரைத்துக் குடித்தவர் அப்படிக் கேட்கும்போது நான் என்ன செய்ய. வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை வந்தாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். மெலிந்த உடம்பு. கழுத்துத் தழும்பை மறைத்து ஒரு துணி சுற்றியிருந்தாள். மீட்டரம்மாவின் அதே மூக்கு. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்பதும் அப்படியே. அக்காவைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான். எந்த வேளை என்ன சாப்பிடலாம், துணியை எங்கே போடுவது, எல்லாவற்றையும் பெரியவரிடமே கேட்டாள். மாத்திரையை விழுங்கினாள். மதியம் அளக்கப் போனபோது கோட்டில் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுத் தெருவுக்குக் கேட்கிற குரல் அன்று என் காதுக்கே எட்டவில்லை. மறுபடி கேட்டேன்.

இருநூற்றுப் பத்து என்றார். எழுதிக்கொண்டேன். கதவை மூடினோம்.

அன்று நாலு மணி வாக்கில், துடைப்பத்தைக் கேபிள் மேல் சாய்த்ததற்காகத் துப்புரவுக்காரம்மாவோடு மீட்டரம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அலாரம் அலறியது. சிவப்பு விளக்கு, எண் இருபத்தெட்டு. மேசையிலிருந்து கை மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் எண் மூன்றுக்கு இறங்கி, பச்சை எரிந்தது. கை மீட்டரிலும் மூன்று. அரை மணி கழித்து மறுபடி அலறியது, மறுபடி அடங்கியது. ஐந்தரைக்கு இன்னொரு தடவை. பெரியவர் கீழேயிருந்து ஆள் அனுப்பி, என்ன கூத்து அங்கே என்று கேட்டார். பெட்டி பழுது, பார்க்கிறேன் என்று மீட்டரம்மா சொல்லி அனுப்பினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமாக அலாரம் அடித்தால் மீட்டரம்மா முதலில் எடுப்பது கை மீட்டரை இல்லை, அறைக்குள் பேசுகிற போனை. அடைபட்ட அறையில் பொழுது போகாமல் எல்லா நோயாளியும் ஒரு தடவையாவது கதவுப் பக்கம் வந்து நிற்பார்கள். உடம்பில் இருக்கிற கதிர்வீச்சு கதவையும் தாண்டிக் கொஞ்சம் வெளியே வரும், எண் ஏறும். கதவுகிட்ட வராதீங்க, கட்டிலுக்குப் போங்க என்று போனில் சொல்வார், இறங்கிவிடும். இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அறைக்குள் இருக்கிற காமிரா கட்டிலை மட்டும்தான் காட்டும். அந்தத் திரையைக்கூட அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்குரூ டிரைவரைத் தேடினார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சோதனை செய்தார். எல்லாம் சுத்தம். அலாரம் மூன்று முறை கூவியது. பத்து நிமிஷம் ஆகவில்லை, எண் ஏற ஆரம்பித்தது. ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. மஞ்சள். கேபிளை மாற்றினார். பன்னிரண்டு. பெட்டியையே கழற்றிவிட்டு, அலமாரியில் இருந்த மாற்றுப் பெட்டியை மாட்டினார். வில்லையைக் காட்டிச் சோதித்தார், மூன்று கூவல். சற்று நேரத்தில் அதுவும் பன்னிரண்டு. இடையில் தங்கையை அளந்தோம், தொண்ணூறு. அவள் அன்றும் சுவரைத்தான் பார்த்தாள். வெளியே வந்ததும் மீட்டரம்மா நோட்டில் எழுதினார்: பெட்டி பழுது, எண் தானாக ஏறி இறங்குகிறது.

எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்னைப் பார்த்து, சுவருக்குள் உங்கள் குழாய் ஏதாவது கசிகிறதா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், என் குழாயைச் சொல்லக்கூடாது. கை மீட்டரை வாங்கிக்கொண்டு போய் மூன்று மாடிக் குழாய்களையும் இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அந்த வீறாப்பில், மீட்டரம்மா புது உணர் குழாய் வாங்க ஸ்டோருக்குப் போனபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தேன். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்து என் குழாய்களின் மானத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு.

ஒரு மணி நேரம் எண் இரண்டிலேயே இருந்தது. பிறகு படிக்கட்டில் மீட்டரம்மாவின் குரல் கேட்டது. ஸ்டோர்க்காரர் பழைய குழாயைத் தலையில் கட்டப் பார்த்தாராம், அவரைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். எண் நகர்ந்தது. மூன்று. ஆறு. பன்னிரண்டு. சாப்பிடப் போனார், இரண்டு. திரும்பி வந்து நர்ஸோடு பேசினார், பதிமூன்று. நான் பத்தாவது தாண்டாதவன். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கே புரிந்துவிட்டது. காலையில் மூன்று முறை கூவுகிற அலாரம் அறைக்குள்ளும் கேட்கும். அக்கா வேலைக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் அந்தக் குரல். முதல் நாள் அலாரம் அலறியதும், ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று தங்கை பயந்து கதவை விட்டுப் பின்னால் போயிருப்பாள். அதனால்தான் இவர் ஓடிப் போய்ப் பார்க்கும்போது ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் உடம்பில் வீரியம் குறைந்துவிட்டதால் அலாரம் வரைக்கும் எண் ஏறவில்லை. அவளும் பயமில்லாமல் நின்றிருக்கிறாள்.

மீட்டரம்மா புது உணர் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி மேசையில் வைத்தேன்.

“மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. உங்க தங்கச்சி கதவுகிட்ட வந்து நிக்கிறாங்க. உங்க குரல் கேட்டா வர்றாங்க, நீங்க போயிட்டா போயிடுறாங்க. காலைலேருந்து பாத்துட்டேன்.”

அவர் என்னை நம்பவில்லை. அவள் மூஞ்சியைக்கூடத் திருப்பவில்லையே அண்ணே என்றார். அவள் வந்து நிற்க மாட்டாள், மெஷின்தான் கெட்டிருக்கும் என்றார். பதினான்கு வருஷம் மெஷினை நம்பிய மனுஷி, ஆசைப்பட்டு ஏமாறுவதற்குப் பயந்து அதைப் பழுது என்று எழுதிவிட்டார். நான் விடாமல் இன்னொன்றும் சொன்னேன். அவள் இருக்கிற ஊரிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் இதே மாதிரி அயோடின் அறை உள்ள ஆஸ்பத்திரி இருக்கிறது. என் பம்ப் மெக்கானிக்தான் அங்கேயும் போகிறார். அதை விட்டுவிட்டு ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்து இங்கே வந்திருக்கிறாள். எதற்கு? எங்கள் கேன்டீன் சாப்பாட்டுக்கா?

மீட்டரம்மா எழுந்தார். காமிராத் திரையைப் பார்த்தார். கட்டில் காலியாக இருந்தது. மெதுவாக நடந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றார். தட்டவில்லை, கூப்பிடவில்லை. அந்தக் கதவில் கண்ணாடியும் இல்லை, இடுக்கும் இல்லை. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டார். பெட்டி அவருக்குப் பக்கவாட்டில் இருந்தது, அவரால் பார்க்க முடியாது.

“எவ்வளவுண்ணே?” என்றார்.

“பதிமூணு.”

பிறகு, ஏதோ சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், நான்தான், நான் இங்கதான் இருக்கேன் என்றார். அது உள்ளே கேட்டிருக்குமோ என்னவோ.

“இப்ப?”

“பதினாறு. பதினேழும்மா.”

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்று சொல்வார்கள். அதற்கு எண் போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். போதும், தள்ளி வாங்க, பேட்ஜில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அது என் பேட்ஜ், என் கணக்கு என்றார். அலாரம் அடிக்கவில்லை, மஞ்சள் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் நோட்டில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே தங்கையின் கணவர் காரோடு வந்து கீழே வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டார். எப்போது விடுவீர்கள் என்று ஒன்பதுக்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார். மீட்டரம்மாவுக்குக் கணக்கு அத்துப்படி. இருநூற்றுப் பத்து தொண்ணூறு ஆனது, தொண்ணூறு இன்று நாற்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். ஐம்பதுக்குக் கீழே வந்தால் பத்து நிமிஷத்தில் காரில் ஏறிவிடுவாள். கதவுக்குப் பின்னால் நிற்கத் தெரிந்தவளுக்கு எதிரே நின்று பேசத் தெரியவில்லை. இந்த அக்காவுக்கும்தான். இன்று போனால் இனி எந்த மாத்திரை இவர்களைச் சேர்த்துவைக்கும்?

“ஐம்பதுக்கு மேல இருக்கணும்னு மனசு அடிச்சுக்குதுண்ணே. நோயாளிக்கு யாராவது அப்படி நினைப்பாங்களா? பாவி மனசு,” என்றார் கையுறை மாட்டிக்கொண்டே.

அவர் அரை அடி முன்னால் நின்றால் போதும், எண் தானாகக் கூடும். அதைக் கண்டுபிடிக்க எவனாலும் முடியாது. செய்யட்டுமே என்று எனக்கு இருந்தது. அவர் செய்ய மாட்டார் என்றும் தெரியும். தங்கைக்குத் தெரியாமல் தங்கைக்காக முடிவு பண்ணி ஒன்பது வருஷம் பட்டது போதாதா.

கதவைத் திறந்தோம். தங்கை கோட்டில் நின்றாள், சுவரைப் பார்த்தபடி. மீட்டரம்மா தன் கோட்டில் நின்றார். ஒரு விரல்கடைகூட முன்னால் இல்லை, பின்னால் இல்லை. வலது கையில் குழாயை நீட்டினார். இடது கையில் இருந்த மீட்டரைப் பார்க்கவில்லை. அதைத் திருப்பி, எண் தெரிகிற பக்கத்தைத் தங்கைக்குக் காட்டினார்.

“இந்தத் தடவை நான் சொல்லல. நீயே பாத்துச் சொல்லு. அம்பதுக்குக் கீழ இருந்தா வீட்டுக்குப் போகலாம். மேல இருந்தா இன்னும் ஒரு நாள் இருக்கணும்.”

தங்கை மூன்று நாளில் முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மீட்டரைப் பார்த்தாள். நான் பக்கவாட்டில் நோட்டோடு நின்றிருந்தேன். எனக்கும் எண் தெரிந்தது. முப்பத்தெட்டு. ஆடாமல் அசையாமல் முப்பத்தெட்டு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே கார் காத்திருக்கிறது, கணவர் காத்திருக்கிறார், வீட்டில் எட்டு வயதுப் பெண் காத்திருக்கும்.

“அறுபத்திரண்டு,” என்றாள் தங்கை.

நான் மீட்டரம்மாவைப் பார்த்தேன். மணிக்கட்டைத் திருப்பினால் எண் அவருக்குத் தெரிந்துவிடும். திருப்பவில்லை. பார்க்காமலே கட்டைவிரலால் மீட்டரை அணைத்தார்.

“எழுதுங்கண்ணே. அறுபத்திரண்டு.”

எழுதினேன். அந்த நோட்டில் ஏறிய முதல் பொய் என் கையெழுத்தில் இருக்கிறது. யாராவது கேட்டால் என் கண் சரியில்லை என்று சொல்லிக்கொள்வேன். நான் கையெழுத்துப் போட்டேன். மீட்டரம்மாவும் போட்டார். பார்வையாளருக்கான நாற்காலி கதவுக்கு வெளியே, இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் இருபது நிமிஷம் உட்காரலாம், கதவு திறந்திருக்கலாம். மீட்டரம்மா போய் உட்கார்ந்தார். தங்கை உள்ளே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கீழே இருக்கிற கணவரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிடுகிறேன் என்று நான் நகரப் பார்த்தேன். கால் நகரவில்லை.

“அக்கா,” என்றாள் தங்கை. குரல் உடைந்திருந்தது, அறுவை சிகிச்சை ஆன தொண்டை. “அம்மாவைப் பத்திச் சொல்லு. கடைசி நாள்லேருந்து ஆரம்பிக்காத. படுத்த அன்னைக்குக் காலைலேருந்து சொல்லு. இருபத்திரண்டு நாளும் எனக்கு வேணும். நாளைக்கு வரைக்கும் இங்கதான் இருக்கேன்.”

மீட்டரம்மா மடியில் இருந்த கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

“முதல் நாள் காலைலயே உன்னைத்தான் கேட்டாங்க. போன் போட்டுக் குடுன்னாங்க. நான்தான் குடுக்கல.”

தங்கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போகவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

“அப்புறம்?” என்றாள்.